தூக்குக் கயிறு நமக்கு நீதி தருமா?

சென்னை அடையாற்றை ஒட்டிய கிரீன்வேஸ் சாலையில் டாக்டர் அம்பேத்கர் மணிமண்டபம் இருக்கிறது. அமைச்சர்களின் பங்களாக்களும் மாநில மனித உரிமை ஆணையத்தின் அலுவலகமும் இதே சாலையில்தான் உள்ளன. ஏப்ரல் 14, டிசம்பர் 6 ஆகிய நாள்களில் மாலையோடு வருபவர்களால் மணிமண்டபம் நிறைந்துவிடும். சுற்று மாவட்டக் கிராமங்களிலிருந்து வேன் பிடித்து, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வருபவர்கள் அவர்களில் பலர்.

அம்பேத்கர் சொன்னவற்றில் பலவற்றை நம் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஒன்றை மட்டும் நம் மேடைகளில் அதிகம் கேட்க முடிவதில்லை. 1949 ஜூன் 3 அன்று அரசியல் நிர்ணய சபையில், மரண தண்டனை பெற்றவர்களுக்கு உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீட்டு உரிமை தருவது பற்றி விவாதம் நடந்தது. அதற்குப் பதில் சொன்ன அம்பேத்கர், மரண தண்டனையையே ஒழித்துவிடுவதைத்தான் தாம் ஆதரிப்பதாகச் சொன்னார். இந்நாட்டு மக்கள் நடைமுறையில் எப்போதும் அகிம்சையைக் கடைப்பிடிப்பதில்லை என்றாலும் அதை ஓர் அறமாக ஏற்றிருக்கிறார்கள். அந்த அறத்தை மதிக்கும் நாடு செய்ய வேண்டியது தூக்கை ஒழிப்பதுதான் என்பது அவர் வாதம்.

பள்ளிக்கூடத்தில் தண்ணீர்ப் பானையைத் தொட அனுமதிக்கப்படாத ஒரு மனிதர் சொன்னது இது. தண்டனை வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. கயிறு வேண்டாம் என்றுதான் சொன்னார்.

இதை இப்போது பேச வேண்டிய காரணம் இருக்கிறது. 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில், சென்னையில் வேலை பார்த்துவந்த மென்பொறியாளர் கவின் செல்வகணேஷ் வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி ஆணவக் கொலைகளுக்கு எதிராகத் தனிச் சட்டம் வேண்டும் என்ற குரல் மீண்டும் மாநிலம் முழுக்க எழுந்தது. அது பற்றிப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று அதே ஆண்டு அக்டோபரில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். அப்படி ஒரு சட்டம் வரும்போது அதில் நாம் எதைக் கேட்கப் போகிறோம்? வள்ளுவர் கோட்டத்திலும் சேப்பாக்கத்திலும் நடக்கும் ஆர்ப்பாட்டங்களில் முதலில் எழும் முழக்கம் 'தூக்கில் போடு' என்பதுதான். அந்த முழக்கம் நமக்கு எதைத் தந்திருக்கிறது, எதை எடுத்துக்கொண்டிருக்கிறது என்று கணக்குப் பார்ப்போம்.

எட்டரை மாதம் நின்ற தூக்கு

விருத்தாசலம் பக்கத்தில் உள்ள புதுக்கூரைப்பேட்டை. முருகேசன் பொறியியல் பட்டதாரி, தலித். கண்ணகி வன்னியர் சமூகத்துப் பெண். 2003 மே மாதம் இருவரும் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலை 8 அன்று, ஊர் பார்த்திருக்க, மூக்கிலும் காதிலும் விஷம் ஊற்றி இருவரையும் கொன்று எரித்தார்கள். கொன்றவர்களில் கண்ணகியின் சொந்த அண்ணனும் இருந்தார்.

இதைப் படிக்கும் எந்தத் தாய்க்கும் வயிறு எரியும். 'இவனையெல்லாம் தூக்கில் போட வேண்டாமா' என்று ஒரு தகப்பன் கேட்டால் அவரிடம் அகிம்சைப் பாடம் நடத்த எனக்கு வாய் வராது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் வழக்கு என்ன ஆனது என்று பாருங்கள்.

உள்ளூர்க் காவல்துறை முதலில் வழக்கை மூடப் பார்த்தது. பிறகு கொலைப் பழியில் முருகேசனின் சொந்தக்காரர்களையும் சேர்த்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களே குற்றவாளிகள் பட்டியலில் நின்றார்கள். வழக்கறிஞர் பொ.இரத்தினம் போன்றவர்களின் விடாத போராட்டத்தால் 2004இல் வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. தீர்ப்பு வந்தது 2021 செப்டம்பர் 24 அன்று. பதினெட்டு ஆண்டுகள். 13 பேர் குற்றவாளிகள் என்று கடலூர் சிறப்பு நீதிமன்றம் சொன்னது. கண்ணகியின் அண்ணனுக்குத் தூக்கு. மற்ற 12 பேருக்கு ஆயுள். காவல்துறை அதிகாரிகள் இருவரும் அதில் அடக்கம்.

மறுநாள் செய்தித்தாள்களில் பெரிய எழுத்தில் வந்தது தூக்குதான். அந்தத் தூக்கு எட்டரை மாதம்கூட நிற்கவில்லை. 2022 ஜூன் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. மேல்முறையீடுகளை 2025 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்து, முருகேசனின் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

இந்த வழக்கில் நமக்குக் கிடைத்த நீதி எது? எட்டரை மாதம் காகிதத்தில் இருந்த அந்தத் தூக்கு வார்த்தையா? சாட்சியங்களைச் சிதைத்த காவல்துறை அதிகாரிகளும் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் பதிவு செய்ததே, அதுதான் நீதி. நமக்கு இழைக்கப்பட்ட அநீதி எது? கயிறு கிடைக்காமல் போனது அநீதி என்று சொல்ல மாட்டேன். முருகேசனின் பெற்றோரின் நடுவயதை மொத்தமாகத் தின்றுவிட்ட பதினெட்டு ஆண்டுதான் அநீதி.

உடுமலைப்பேட்டையிலும் இதையே கண்டோம். 2016 மார்ச் 13 அன்று பேருந்து நிலையத்தில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டதை நாடே கேமரா காட்சியாகப் பார்த்தது. 2017 டிசம்பர் 12 அன்று திருப்பூர் நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. பட்டாசு வெடித்துக் கொண்டாடியவர்களும் உண்டு. 2020 ஜூன் 22 அன்று உயர் நீதிமன்றம் ஐந்து பேரின் தூக்கை ஆயுளாக மாற்றியது. சதி நிரூபிக்கப்படவில்லை என்று தந்தையை விடுவித்துவிட்டது. தூக்குக் கயிறு இருந்ததால் சதிக்கான ஆதாரம் வலுவாகிவிடவில்லை. ஆதாரம் திரட்டுவது புலனாய்வின் வேலை. அதைக் கயிறு செய்யாது.

மகாராஷ்டிரத்தின் கயர்லாஞ்சி இன்னும் கசப்பானது. 2006 செப்டம்பர் 29 அன்று போட்மாங்கே குடும்பத்தின் தாயும் மகளும் இரண்டு மகன்களும் கொல்லப்பட்டார்கள். 2008இல் பண்டாரா நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இந்தக் குற்றத்துக்குப் பொருந்தாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. அதாவது தூக்கு உண்டு, சாதி இல்லை! 2010இல் உயர் நீதிமன்றம் தூக்கையும் 25 ஆண்டு சிறையாகக் குறைத்தது. சாதி கடைசிவரை பதிவாகவில்லை. குடும்பத்தில் தப்பிய ஒரே மனிதரான பையாலால் போட்மாங்கே 2017இல் இறந்துபோனார். கயிறு என்ற பெரிய சொல்லுக்குப் பின்னால் நம்முடைய அடிப்படைக் கோரிக்கையே மறைந்துபோகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

இவற்றோடு கோகுல்ராஜ் வழக்கை வைத்துப் பாருங்கள். 2015இல் நடந்த கொலை. முக்கியச் சாட்சி நீதிமன்றத்தில் பிறழ் சாட்சியானார். ஆனாலும் திருச்செங்கோடு கோயிலின் சிசிடிவி காட்சி கையில் இருந்தது. வழக்கு மதுரைக்கு மாற்றப்பட்டது. திறமையான அரசு சிறப்பு வழக்கறிஞர் கிடைத்தார். தாய் சித்ரா ஒவ்வொரு கட்டத்திலும் விடாமல் நின்றார். 2022 மார்ச்சில் யுவராஜுக்கு வாழ்நாள் முழுவதும் சிறை என்று தீர்ப்பு வந்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இந்தத் தீர்ப்பில் தூக்கு இல்லை. ஆனால் தீர்ப்பு நின்றது. ஆதாரமும் நல்ல வழக்கறிஞரும் அஞ்சாத குடும்பமும் சேர்ந்தால் தண்டனை நிற்கும் என்பதைத்தான் இது காட்டுகிறது.

ஒரே ஆதாரம், இரண்டு தீர்ப்பு

'மேல் நீதிமன்றங்கள் இரக்கம் காட்டுவதால்தானே தூக்கு நிற்பதில்லை' என்று மாணவர்கள் கேட்கக்கூடும். இரக்கம் ஒரு பகுதிதான். விசாரணை நீதிமன்றங்கள் தரும் தூக்குத் தீர்ப்புகளில் பெரும்பாலானவை சோதனைக்குத் தாங்குவதில்லை என்பதே உண்மை. டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2000க்குப் பின் விசாரணை நீதிமன்றங்கள் விதித்த தூக்குகளில் கடைசிவரை உறுதியானவை நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. கிட்டத்தட்ட நூற்றுக்கு முப்பது பேர் முழுமையாக விடுதலையானவர்கள். கீழே தூக்கு, மேலே குற்றமே நிரூபணமாகவில்லை என்ற நிலை!

இதற்குத் தொலைதூரம் போக வேண்டாம். மணிமண்டபத்துக்கு அருகிலேயே, மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் நடுவே உள்ள ராஜா அண்ணாமலைபுரத்தில் 2013 செப்டம்பரில் ஒரு நரம்பியல் மருத்துவர் தெருவில் வெட்டப்பட்டு, சில நாள்களில் இறந்தார். நிலத் தகராறு காரணம் என்றது காவல்துறை. 2021 ஆகஸ்டில் சென்னை அமர்வு நீதிமன்றம் ஏழு பேருக்குத் தூக்கும் இருவருக்கு ஆயுளும் விதித்தது. 2024 ஜூனில் உயர் நீதிமன்றம் ஒன்பது பேரையும் விடுதலை செய்தது. ஒரே ஆதாரங்கள்தான். ஒரு நீதிமன்றம் படித்தபோது ஏழு உயிர்களை எடுக்கலாம் என்று தோன்றியது. இன்னொரு நீதிமன்றம் படித்தபோது ஒரு நாள் சிறைக்குக்கூட ஆதாரம் இல்லை என்று தோன்றியது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் எல்லாம் இருந்தார்கள். தங்களுக்காக வாதாட நல்ல வழக்கறிஞர்களை வைத்துக்கொள்ள அவர்களால் முடிந்தது. அது அவர்கள் உரிமை. அந்த இடத்தில், வக்காலத்துப் படிவத்தில் கைநாட்டு வைக்கும் ஒரு கூலித் தொழிலாளி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சென்னைப் புறநகரில் 2017இல் ஒரு சிறுமி கொடூரமாகக் கொல்லப்பட்டாள். தமிழ்நாடே கொதித்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியிலேயே செங்கல்பட்டு நீதிமன்றம் தூக்கு விதித்தது. உயர் நீதிமன்றமும் சில மாதங்களில் உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை, ஆதாரச் சங்கிலி முழுமையாக இல்லை என்று சொல்லி விடுதலை செய்தது. அந்தச் சிறுமியின் பெற்றோருக்கு இப்போது என்ன இருக்கிறது? அவசரத்தில் தந்த தூக்கு அவர்களிடமிருந்து உறுதியான தீர்ப்பையும் சேர்த்துப் பறித்துவிட்டது. வேகமான விசாரணை வேறு, அவசர விசாரணை வேறு. தூக்கு கேட்டு ஊர் கத்தும்போது இரண்டும் ஒன்றாகத் தெரிய ஆரம்பித்துவிடுகிறது.

கயிறு சாட்சியையும் கொல்லும். அடையாற்றுக்குத் தெற்கே திருவான்மியூரில் 1980களின் இறுதியில் ஆட்டோ சங்கர் செய்த ஆறு கொலைகளைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் மத்திய சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். தமிழ்நாட்டில் கடைசியாகத் தூக்கிலிடப்பட்டவர் அவரே. அவர் எழுதியதாகச் சொல்லப்பட்ட வாழ்க்கைக் கதையை 'நக்கீரன்' வெளியிட முனைந்தபோது, தம் தொழிலுக்கு அதிகாரிகளின் ஆதரவு இருந்தது என்ற செய்தி அதில் இருப்பதால் சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. அரசு அப்படி முன்கூட்டியே தடுக்க முடியாது என்று 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் சொன்னது உண்மையா பொய்யா என்று நிதானமாகச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு, அடுத்த ஏழே மாதத்தில் அவரோடு சேர்ந்து போய்விட்டது. தூக்கிலிட்ட பிறகு யாரைக் கூப்பிட்டு விசாரிப்பது?

கயிறு யார் கழுத்தைத் தேடுகிறது?

அதே பல்கலைக்கழக ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. தூக்குக் கைதிகளில் நான்கில் மூன்று பங்கினர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். ஏறக்குறைய நான்கில் ஒருவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவர். பிற்படுத்தப்பட்டோரையும் சிறுபான்மையினரையும் சேர்த்தால் மொத்தத்தில் நான்கில் மூன்று பங்கைத் தாண்டிவிடும்.

பீகார் இதை ரத்தத்தில் எழுதிக் காட்டியது. 1992 பிப்ரவரியில் பாரா கிராமத்தில் நிலவுடைமைச் சாதியைச் சேர்ந்த 35 பேரை மாவோயிஸ்டுக் குழு கொன்றது. அவர்களும் மனிதர்களே, அவர்கள் வீட்டிலும் ஒப்பாரிதான். அந்த வழக்கு தடா சட்டத்தின் கீழ் நடந்தது. தடா வழக்குகளில் உயர் நீதிமன்றம் என்ற படியே கிடையாது. நேராக உச்ச நீதிமன்றம்தான். நிலமற்ற தலித் கூலிகள் உள்பட நான்கு பேருக்கு விதிக்கப்பட்ட தூக்கை 2002இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதுவும் மூன்று நீதிபதிகளில் இருவர் ஒருபக்கம், ஒருவர் மறுபக்கம். 2017 ஜனவரியில் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி ஆயுளாகக் குறைக்கும்வரை அந்த நால்வரும் தூக்குக் கைதிகளாகவே இருந்தார்கள்.

அதே மாநிலத்தில் பதானி டோலாவில் 1996இல் தலித்துகளும் முஸ்லிம்களுமாக 21 பேர் கொல்லப்பட்டார்கள். லட்சுமண்பூர் பாத்தேயில் 1997 டிசம்பர் 1 இரவு 58 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். இரண்டிலும் கீழ் நீதிமன்றங்கள் 2010இல் தூக்குகள் விதித்தன. 2012இலும் 2013இலும் பாட்னா உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. 58 பிணங்கள் விழுந்த ஊரில், கொன்றவர் என்று சட்டப்படி ஒருவர்கூட மிஞ்சவில்லை.

மகாராஷ்டிரத்தில் நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த ஆறு பேரின் கதையைச் சட்டம் படிக்கும் மாணவர்கள் கட்டாயம் தேடிப் படிக்க வேண்டும். 2003இல் நாசிக் பக்கம் நடந்த ஒரு கொலை வழக்கு. உயர் நீதிமன்றம் மூவருக்கு மட்டும் தூக்கை உறுதி செய்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் ஆறு பேருக்கும் தூக்கு என்றது. அவர்களில் ஒருவர் சம்பவத்தின்போது சிறுவன் என்பது பிறகு தெரியவந்தது. 2019 மார்ச் 5 அன்று அதே உச்ச நீதிமன்றம், இவர்கள் பொய்யாகச் சிக்கவைக்கப்பட்டவர்கள் என்று சொல்லி ஆறு பேரையும் விடுவித்தது. நேரில் பார்த்த சாட்சி, காவல்துறை காட்டிய புகைப்படங்களிலிருந்து வேறு நான்கு பேரை அடையாளம் காட்டியிருந்தார், அது மறைக்கப்பட்டிருந்தது. 2009க்குப் பிறகு ஏதாவது ஒரு விடியற்காலையில் அவர்களைத் தூக்கிலிட்டிருந்தால், 2019 தீர்ப்பை யாரிடம் போய் வாசித்துக் காட்டுவது?

நம் கையில் இருக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமே இந்த ஆபத்தை ஒப்புக்கொண்டிருக்கிறது. அதன் 3(2)(1) பிரிவைப் படித்துப் பாருங்கள். பொய்ச் சாட்சி சொல்லி, குற்றமற்ற ஒரு தலித்தையோ பழங்குடியையோ தூக்கில் ஏற வைத்தவருக்கு என்ன தண்டனை என்று அது பேசுகிறது. அப்படி நடக்கும் என்று தெரிந்துதான் 1989இல் நாடாளுமன்றம் அதை எழுதி வைத்தது. அதற்கும் தண்டனை தூக்குதான். ஆனால் போன உயிர் போனதுதான்.

வாசலில் நிற்கும் தாய்

தண்டனை ஒருவருக்கு விதிக்கப்படுகிறது. அனுபவிப்பது குடும்பம் முழுவதும். 1991 ஜூனில் பத்தொன்பது வயதுப் பையனாகக் கைதானார் பேரறிவாளன். ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் ராஜீவ் காந்தியும் அவரோடு பலரும் இறந்தார்கள். அந்தக் குடும்பங்களின் இழப்பு யாராலும் ஈடுகட்ட முடியாதது. 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது, மூவருக்கு ஆயுளாக்கியது, நால்வருக்குத் தூக்கை உறுதி செய்தது. ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள்: 26 கயிற்றில் 19 கயிறு தவறான கழுத்துக்கு அளவெடுக்கப்பட்டவை.

கருணை மனு பதினொரு ஆண்டுகள் கிடந்தது. 2011 செப்டம்பர் 9 என்று தூக்குக்கு நாள் குறித்தார்கள். மூவர் உயிரைக் காக்கக் கோரி ஆகஸ்ட் 28 அன்று காஞ்சிபுரத்தில் செங்கொடி தன் உயிரையே தீக்குக் கொடுத்தாள். இரண்டு நாள் கழித்து உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2013இல், பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த ஓய்வுபெற்ற சி.பி.ஐ. அதிகாரி, அவர் சொன்னதில் முக்கியமான ஒரு பகுதியைத் தாம் எழுதாமல் விட்டதாக வெளிப்படையாகச் சொன்னார். எதற்கு என்று தெரியாமல்தான் பேட்டரி வாங்கிக் கொடுத்தேன் என்பதே அந்தப் பகுதி. 2014 பிப்ரவரியில் தூக்கு ஆயுளானது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது.

இந்த முப்பத்தோரு ஆண்டுகளும் அவருடைய தாய் அற்புதம்மாள் சிறை வாசலுக்கும் நீதிமன்ற வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். அவர் என்ன குற்றம் செய்தார்? தூக்குக் கைதியின் வீட்டில் பெண் கேட்டு யாரும் வருவதில்லை. பிள்ளைகளைப் பள்ளியில் மற்றவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. வக்கீல் செலவுக்கு ஆடு மாடு போகும், பிறகு நிலம் போகும். நிலமே இல்லாத நம் வீடுகளில் போவதற்கு என்ன இருக்கிறது?

களையும் பயிரும்

வள்ளுவரே கொடியவர்களை வேந்தன் ஒறுப்பதைக் களையெடுப்பதோடு ஒப்பிடவில்லையா என்று தமிழ் படித்தவர்கள் கேட்பார்கள். செங்கோன்மை அதிகாரத்தில் 550ஆம் குறளைத்தான் சொல்கிறார்கள். வள்ளுவர் பிறந்த இடம் மயிலாப்பூர் என்று நம்பி அங்கே கோயிலும் கட்டி வைத்திருக்கிறோம்; அவர் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். களை பறித்த பெண்களிடமே கேளுங்கள். இளம் நாற்றுக்கும் அதன் பக்கத்திலேயே முளைக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளைக் களையெடுக்க வயலில் இறக்குவார்களா? நம் புலனாய்வும் நம் நீதிமன்றமும் பயிர் எது களை எது என்று தடுமாறுகின்றன என்பதைத்தான் இதுவரை பார்த்த வழக்குகள் சொல்கின்றன. சாதிக் கண்ணாடி போட்டவர் கையில் களைக்கொத்து இருந்தால் எந்த வரிசை முதலில் சாயும் என்று நமக்குத் தெரியாதா?

சிலப்பதிகாரத்தில் பாண்டியன், பொற்கொல்லன் ஒருவன் சொன்னதை நம்பி, விசாரணையே இல்லாமல் கோவலனைக் கொல்லச் சொன்னான். கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியபோது உண்மை தெரிந்தது. கோவலன் திரும்பி வரவில்லை. தமிழின் முதல் காப்பியம், தவறாக நிறைவேற்றப்பட்ட ஒரு மரண தண்டனையின் மேல் நிற்கிறது. அந்தக் கண்ணகிக்குக் கடற்கரையில் சிலை வைத்திருக்கிறோம். அந்தப் பெயரையே தாங்கிய புதுக்கூரைப்பேட்டைப் பெண்ணுக்கு நாம் செய்ய வேண்டியது, அவள் வழக்கைப் போல இன்னொரு வழக்கு பதினெட்டு ஆண்டு இழுக்காமல் பார்ப்பதுதான்.

வரப்போகும் சட்டத்தில் கேட்க வேண்டியவை

2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், ஐந்து பேருக்குக் குறையாமல் சேர்ந்து சாதியின் பெயரால் கொலை செய்தால் தூக்கோ ஆயுளோ விதிக்கலாம் என்று ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே சட்டப் புத்தகத்தில் கயிறுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் வேறு இடத்தில் இருக்கிறது.

வன்கொடுமை வழக்கில் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். அதன்பின் இயன்றவரை இரண்டு மாதத்துக்குள் விசாரணை முடிய வேண்டும். டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாத அதிகாரிதான் புலனாய்வு செய்ய வேண்டும். நாம் விரும்பும் மூத்த வழக்கறிஞரை நமக்காக நியமிக்குமாறு மாவட்ட ஆட்சியரிடம் கேட்கலாம். எதிரி ஜாமீன் கேட்டால் நமக்குத் தகவல் தர வேண்டும், நம் தரப்பைக் கேட்க வேண்டும். சாட்சிகளுக்குப் பாதுகாப்பு தருவது அரசின் கடமை. கடமை தவறும் அதிகாரிக்கும் சிறைத் தண்டனை உண்டு. இவை இன்றே சட்டத்திலும் விதிகளிலும் இருப்பவை. நடைமுறைக்கு வராததால்தான் தூக்கு கேட்டுக் கத்துகிறோம்.

புதிய சட்டம் வந்தால், மிரட்டல் தொடங்கிய உடனேயே காவல் நிலையம் தலையிட வேண்டிய கட்டாயம், திருமணம் செய்துகொண்டவர்களுக்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் பாதுகாப்பு இல்லம், கட்டப்பஞ்சாயத்து செய்தவர்களையும் குற்றவாளிகளாக்கும் பிரிவு, புகாரை வாங்க மறுத்தவர்மேல் நடவடிக்கை ஆகியவற்றைக் கேட்போம். கொலைக்குப் பிறகு ஒரு கயிறு கேட்பதைவிட, கொலைக்கு முன்னால் ஒரு காவல் வாகனம் கேட்பது மேல். கவினும் சங்கரும் முருகேசனும் உயிரோடு இருந்திருக்க அதுதான் தேவைப்பட்டது.

நம் தெருப் பிள்ளை ஒருவன் கொலை வழக்கில் சிக்கினாலும் நாம் கைவிடக் கூடாது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தரச் சட்டம் சொல்கிறது. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். முதல் நாளே வழக்கறிஞர் இருக்கிறாரா, வாக்குமூலம் எப்படி வாங்கப்பட்டது, அவன் வயது என்ன என்று கேட்க ஊரில் நாலு படித்த பிள்ளைகள் இருந்தால் போதும். நாளை ஒரு தவறான தூக்கு தடுக்கப்படும்.

கொல்லப்பட்டவர் நம்மவராக இருக்கும் வழக்கில், முதல் தகவல் அறிக்கையின் நகலை அன்றே வாங்கி, அதில் உள்ள தேதியை வீட்டு நாள்காட்டியில் குறித்து வையுங்கள். அறுபதாம் நாள் வந்ததும் குற்றப்பத்திரிகை எங்கே என்று போய்க் கேளுங்கள்.